டிவிக்கு இரண்டு தட்டு

வெள்ளானூர் செல்வகுமாருக்குச் சத்தமே ஆகாது. அவன் பார்ப்பதோ அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. மெஷின் தகட்டைக் குத்துகிற குத்தில் தரையே அதிரும். காதை அடைத்துக்கொண்டு நின்றாலும், மெஷின் ஓடுகிறதா நின்றதா என்பது கால் வழியே தெரிந்துவிடும். அவன் அப்பா காலம்வரை பிறத்தியார் வயலில் சேறு மிதித்த பரம்பரையின் கால்கள் அவை. எட்டு மணி நேரம் அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட முகம் சுண்டிப்போகும்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் அந்த டிவி வந்து வாய்த்தது. அவன் மனைவி சிம்ரன் பருத்திப்பட்டில் ஒரு ஃபிளாட்டில் சமையல் செய்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் சுவரில் மாட்டுகிற டிவி வாங்கியதும், பின்பக்கம் பூசணிக்காய் போலப் புடைத்த பழைய பெட்டியை இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வப்போது படம் நின்றுவிடும். பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் வந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு மாதமாக அது கொர்ர்ர் என்று இரைய ஆரம்பித்திருந்தது. பாட்டுப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

அவர்களுடைய மகள் ரோஷினிக்கு நாலு வயது. இரண்டு காதும் கேட்காது. ஆபரேஷனுக்குக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போட்டு அந்தப் பெயரை வைத்தவனே செல்வகுமார்தான். கேட்காத பிள்ளையை எதற்குக் கூப்பிடுவது என்று, அவன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைமேல் கோபமில்லை. கூப்பிட்டு அவள் திரும்பாமல் நிற்பதைப் பார்க்கத்தான் அவனுக்குத் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தான். முதலில் பல்லி என்று நினைத்தான். அப்புறம் ஸ்டெபிலைசர்மேல் பழி போட்டான். ஃபேனை நிறுத்திப் பார்த்தான், செட்டாப் பாக்ஸை மாற்றி வைத்துப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்து, சாயங்காலம் பயந்து பயந்து பின்மூடியைக் கழற்றினான். உள்ளே ஸ்பீக்கரைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஒன்று தளர்ந்து, பெட்டியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆறு மாத ரகளைக்கு அந்த ஒரு ஸ்க்ரூதான் காரணம். இறுக்கினான். பாட்டு கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. சிம்ரன்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து மெச்சிவிட்டுப் போனாள்.

அப்போது ரோஷினி வந்தாள். வழக்கம்போல் டிவியின் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். பெட்டியின் சூட்டுக்காக ஒட்டிக்கொள்கிறாள் என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். அவள் கன்னத்தை எடுத்தாள், மறுபடி வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி டிவியை இரண்டு தட்டு தட்டினாள்.

"இன்னாத்துக்கு அத்தப் போட்டு அடிக்கிறா? படம் நல்லாத்தானே ஓடிக்கினு கீது" என்றாள் சிம்ரன்.

படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பிள்ளை விடாமல் தட்டினாள். செல்வகுமாருக்குச் சட்டென்று தன் கால் ஞாபகம் வந்தது.

பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ஸ்க்ரூவைப் பழையபடி தளர்த்தினான். டிவியைப் போட்டான். கொர்ர்ர். ரோஷினி கன்னத்தை வைத்தாள். முகம் மலர்ந்தது. பாட்டின் தாளத்துக்குத் தொடையில் தட்டத் தொடங்கினாள். ஓர் அடி பிசகவில்லை. அவன் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்தினான். கை நின்றது. மறுபடி வைத்தான். கை தட்டியது. எதிர்ப்பக்கம் போய் அவனும் கன்னத்தை வைத்துப் பார்த்தான். பல்வரை ஏறியது அதிர்வு. இந்த வீட்டில் ஆறு மாதமாக ஒருத்தி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், பெற்றவனுக்குத் தெரியவில்லை.

"அந்தச் சனியன் சத்தம் திரும்பவும் வந்துச்சே, நீ இன்னாதான் ரிப்பேர் பண்ணே?" என்று சிம்ரன் கேட்டாள்.

"இப்பதான் சிம்ரா ரிப்பேர் ஆச்சி."

டிவியை நிறுத்திவிட்டு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான்.

"ரோஷினி."

பிள்ளை அவன் நெஞ்சையே பார்த்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டான். அவள் அப்படியே சாய்ந்து கன்னத்தை அங்கே ஒட்டிக்கொண்டாள். மூன்றாம் தடவை கூப்பிட வாயைத் திறந்தவனுக்குக் குரல் வரவில்லை.

ரோஷினி சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, கையை ஓங்கி, அவன் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினாள்.