வாய்ப்பாட்டுக்கு வந்த அம்மை

பெருக்கலைப் படம் வரைந்தே கற்றுக்கொடுப்பேன் என்று அடம்பிடித்தவள் நான். ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வரைபடத்தாள் கேட்டால், அது வந்து சேர்வதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அதனால் கைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் பாடம். அன்று நான்காம் வகுப்பில் சிவப்புச் சாயத்தில் விரலைத் தோய்த்து, பழைய செய்தித்தாளில் வரிசை வரிசையாகப் பொட்டு வைத்தோம். கொத்துக்கு மூன்று இணுக்கு என்று வாசலுக்குத் தோரணமும் கட்டினோம். மாவிலை எட்டவில்லை, பக்கத்தில் வேப்பமரம் இருந்தது.

கணக்குப் பாடம் என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பெண், அந்தப் பொட்டுகளையே வெகுநேரம் பார்த்தாள். "டீச்சர், நாளைக்கு நான் எல்லாருக்கும் சொல்லிக் காட்றேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருஷம் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியிருந்தேன்.

மறுநாள் வகுப்பறை காலி. கேட்டுக்கு வெளியே தாய்மார்கள் பிள்ளைகளோடும் கேழ்வரகுக் கூழ்ப் பானையோடும் நின்றார்கள். முன்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் அம்மா. முந்தானைக்குப் பின்னால் அவள்.

"உள்ள போவாதீங்க டீச்சர். ஸ்கூலுக்கு ஆத்தா வந்துக்கீறா. வாசல்ல வேப்பிலை, பசங்க மூஞ்சியெல்லாம் செவப்புப் பொட்டு. எங்களுக்குத் தெரியாதா இன்னா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள் என்பது எனக்கும் தெரியும். கணக்கு தலைக்கேறியதில் மறந்துவிட்டது. பிள்ளைகளோ மிச்சச் சாயத்தை ஒருவர் கன்னத்தில் ஒருவர் வைத்து விளையாடியிருக்கிறார்கள். அம்மை என்றால் தண்ணீர் படக்கூடாது. அதனால் யாரும் முகம்கூடக் கழுவிவிடவில்லை.

"அம்மை இல்லீங்க, பெருக்கல்" என்று சொல்லி, ஈரத்துணியால் அவள் கன்னத்தைத் துடைத்துக் காட்டினேன். பொட்டு போய்விட்டது.

"சரிங்க, சாயந்தான். ஆனா ஆத்தா பேர்ல காச்சிட்டோம். ஊத்திட்டு, பசங்கள வூட்டுக்கு இட்டுனு போறோம். ஸ்கூலு நாளைக்கு வெச்சுக்கலாம்."

நாளைக்கு அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டால் நான் என்ன செய்வது? விடுவதாக இல்லை.

"இங்கேயே ஊத்துங்க. ஆனா இன்னைக்கு ஸ்கூல் உண்டு" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளை உள்ளே அழைத்துவந்து வரிசையாக உட்காரவைத்தார்கள். "எத்தினி டம்ளர் வேணும்?" என்றார் அந்த அம்மா.

"வரிசைக்கு ஆறு பேரு, நாலு வரிசை. இருபத்தி நாலும்மா."

சொன்னது அவர் மகள். அவர் நம்பவில்லை. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். கடைசித் தலையில் கை நின்றுவிட்டது.

"எண்ணாமயே எப்படிடீ சொன்ன?"

அவள் எழுந்து நின்றாள். வரிசைகளைக் கைகாட்டி, ஊரார் முன்னால், தன் அம்மாவுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கூழுக்கு வந்திருந்த பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு, காரம் என்று சொல்லி நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.