நனைத்த சரக்கு

எங்கள் தெருவில் வெடியக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பட்டாசுக் கடைக்காரி. எதிரே கண்ணாடி வெட்டுகிற கடை என்னுடையது. "உன் கடை உடைஞ்சா தெருவுக்குச் சத்தம், என் கடை வெடிச்சா ஊருக்கே சத்தம்" என்று என்னைச் சீண்டுவாள்.

கோடை முற்றி, ஊருக்கு வெளியே காய்ந்த புல்வெளி பற்றி எரிந்ததும் நகராட்சி தடை போட்டது. நல்ல மழை பெய்யும்வரை பட்டாசு விற்கக் கூடாது, கொளுத்தக் கூடாது. நியாயம்தான். வண்டியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பவும் கூடாது. அதுவும் போகட்டும். ஆனால் சரக்கு இருக்கும்வரை, உரிமத்தில் பேர் உள்ள ஆள் கடையை விட்டு நகராமல் காவல் இருக்க வேண்டுமாம். இதை எழுதின மகராசன் வீட்டில் ஆள் நிறைய போலிருக்கிறது. உரிமத்தில் இருந்தது அக்காவும் அவள் புருஷனும். மாமா போன வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆப்பசைத்த குரங்கு என்பார்கள். அக்கா எந்த ஆப்பையும் அசைக்காமலே மாட்டிக்கொண்டாள்.

உள்ளே அடுப்பு மூட்ட முடியாது. என் மனைவிதான் சோறு கொண்டுபோய் வாசலில் கொடுப்பாள். மணல் வாளிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆறிய சோற்றைப் பிசைந்தபடி அக்கா மகளைப் பற்றியே பேசுவாள். ஒரே மகள், தலைப்பிரசவம், பஸ்ஸில் அரைநாள் தூரத்து ஊர். மருமகனுக்குக் கப்பலில் வேலை. கூட இருக்க வேறு நாதியில்லை.

"அக்காவை அனுப்புங்க சார், நான் உக்காந்துக்கறேன்" என்று தீயணைப்பு அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"உனக்குப் பயிற்சி இருக்காப்பா? ஏதாவது ஆச்சுன்னா உன் வீட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

வலி எடுத்துவிட்டது என்று மகளிடமிருந்து தகவல் வந்த காலையில், அக்கா தண்ணீர்க் குழாயை இழுத்து அலமாரி அலமாரியாக நனைத்தாள். ஒரு வருஷப் பிழைப்பு சாயம் கரைந்து சாக்கடைக்குப் போனது.

"நனைஞ்சா அது பட்டாசே இல்ல தம்பி, வெறும் காகிதம். காகிதத்துக்கு எதுக்குக் காவல்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பையைத் தயாராக வைத்துவிட்டு அதிகாரிக்கு அவளே ஆள் அனுப்பினாள். அவர் வந்து பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? இந்தப் பொடியெல்லாம் நனைஞ்சு அரைகுறையா காயறப்ப தானா சூடேறிப் பத்திக்கும். முன்னாடியாவது நெருப்பு வச்சாத்தான் வெடிக்கும்."

"அப்ப நான் போக முடியாதா சார்?"

"இதைப் பத்திரமா அப்புறப்படுத்தற ஆளுங்க மலையில தீ அணைக்கப் போயிருக்காங்க. ஸ்டேஷன்ல இப்ப நான் ஒருத்தன்தான். அவங்க வர்ற வரைக்கும் காய விடாம தண்ணி ஊத்திட்டே இருங்க. மன்னிச்சுக்கோங்கம்மா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அவர் சொன்னதில் ஒன்றாவது பொய்யாக இருந்தால். அக்கா குழாயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் மகளே கூப்பிட்டாள். கடைக்குள் செல்போன் ஆகாது என்பதால் அக்காவின் போன் என்னிடம்தான் இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று ஸ்பீக்கரைப் போட்டுக் கையை நீட்டினேன். அக்கா ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி வாசற்படிவரை வந்தாள்.

"அம்மா, கிளம்பிட்டியா? உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க. பயமா இருக்கும்மா."

"பஸ்ல வந்துட்டே இருக்கேன் கண்ணு."

"ஜன்னலோரமா உக்காந்தியா? உனக்குத்தான் பஸ்னாலே வாந்தி வருமே."

"ஜன்னலோரம்தான்."

"என்னம்மா அது, தண்ணி சத்தம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"மழை பெய்யுது கண்ணு," என்றாள். "வழியெல்லாம் நல்ல மழை."