முழுக்கைச் சட்டை

தொண்ணூறுகளின் தொடக்கம். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். அந்தப் பங்குனியில் ஊர் முழுக்க அம்மை. தெருவுக்கு நாலு வாசலில் வேப்பிலை தொங்கியது. என் வகுப்பிலேயே ஒன்பது பேர் வரவில்லை.

பள்ளிக்கு லீவு விட்டிருக்க வேண்டும். எங்கள் தாளாளருக்கோ, அங்கீகாரம் புதுப்பிக்க அதிகாரி வரப்போகிறாரே என்ற கவலை. வருகைப் பதிவேட்டில் அம்மை என்று எழுதக்கூடாதாம், 'ஊருக்குப் போயிருக்கிறான்' என்று எழுத வேண்டுமாம். அதோடு விட்டாரா? முதல் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பேசி வரவழைக்கச் சொன்னார். மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை பிள்ளையை வாசல் தாண்ட விடாத ஊர் அது. அந்த மனுஷனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன், வெட்கங்கெட்டவள்.

முதலில் ஒரு பையன் வீடு. அவன் அம்மா தயங்கினாள். கையெல்லாம் பொருக்கு இருக்கிறதே என்றாள். "முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்க, ஒண்ணும் தெரியாது" என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் சொந்த மூளைதான்.

"டீச்சரே சொல்றீங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டாள். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

அடுத்தது ஒரு சிறுமியின் வீடு. அவள் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவள். நான் பேசி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர் நீ? வாசல்ல வேப்பில சொருவி கீது, கண்ணு தெரில? எம் பொண்ணுக்கு வந்தது போதாதா, மத்த புள்ளைங்களுக்கும் ஒட்ட வெக்கணுமா? நீயெல்லாம் படிச்சவ!"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உடனே பையன் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. பையனைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு அவன் அம்மா வேலைக்குப் போய்விட்டாளாம். அந்த வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்குப் போகும்போது அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். கொளுத்துகிற வெயிலில், மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட சட்டை. அவன் வந்து அரை மணி நேரமாம். பக்கத்தில் இருந்தவனோடு ஒரே சிலேட்டில் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டில் தாளாளர் மறித்தார்.

"அதிகாரி வர்ற நேரத்துல தலைக்கணக்கைக் குறைக்கறீங்களே, வேலை வேணாமா?"

"நீங்களும் வேணாம், உங்க வேலையும் வேணாம் சார். உங்க பேரனை இவன் பக்கத்துல உட்கார வைப்பீங்களா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பையனை வீட்டில் விட்டேன். அதன்பின் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அந்தச் சிலேட்டில் கோடு போட்ட பிள்ளைக்கு அம்மை. காய்ச்சலில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டான். பார்க்கப் போன என்னிடம் அவன் அப்பா, "எங்கேர்ந்து ஒட்டிச்சுன்னே தெரியல டீச்சர்" என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

தாளாளர் மேல் இருந்த கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. முழுக்கைச் சட்டைக்கு வழி சொன்ன வாய், உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டதே, அதன் மேல் உள்ள கோபம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.