கண்ணையன் வீட்டு ஷட்டவுன்

இந்தியாவிலேயே கம்ப்யூட்டர் சொல்லி இட்லிக்கு அரிசி ஊறப்போட்ட முதல் வீடு எங்கள் பக்கத்து வீடுதான். இந்தியா என்பது என் வாய்க்கொழுப்பு. அரியலூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ரயிலடிக்கு இந்தப் பக்கம். அதற்குக் கீழே என்னால் இறங்கி வர முடியாது.

எண்பத்தெட்டாம் வருஷம். அந்த வீட்டுக் கண்ணையனுக்குச் சிமெண்ட் ஆலையில், மெஷின்களைப் பழுது பார்க்கும் பிரிவில் குமாஸ்தா வேலை. ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்றே ஏ.சி. அறை கட்டினார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கண்ணையன் காலையும் கழுவிக்கொண்டு, நெற்றிக்குத் திருநீறும் இட்டுக்கொண்டு போவான். உள்ளே ஒரு புரோகிராம் இருந்தது. எந்த மெஷினுக்கு என்ன வேலை, யார் செய்வது, எது முடிந்தபிறகு எது என்று தட்டிக் கொடுத்தால் போதும்; வாரம் முழுவதும் யார் எப்போது என்ன செய்யவேண்டும் என்று, ஓரத்தில் துளை போட்ட தாளில் கரகரவென்று அச்சடித்துத் தள்ளும். ஆலை ஒழுங்காக நடந்தது. ஆலையே நடக்கும்போது வீடு நடக்காதா என்று கண்ணையனுக்குத் தோன்றியதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை, மேலதிகாரி கிளம்பிப் போனபிறகு, தன் குடும்பத்தையும் அதில் ஏற்றிவிட்டான். குடும்பம் என்றால் அவன், மனைவி அம்சவள்ளி, தாயார் இருசம்மாள், ஓர் எருமை. அச்சாகி வந்த தாள் ரயில்வே கேட் வரை நீண்டது. நான் அளந்து பார்க்கவில்லை, ஆனால் நீளம்.

அதை அடுப்படிச் சுவரில் தொங்கவிட்டான். மாவாட்டுவது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பது, எருமையைக் குளிப்பாட்டுவது எல்லாவற்றுக்கும் முக்கியத்துவப்படி நம்பர். முடித்த வேலைக்கு நேரே அம்சவள்ளி பென்சிலால் கோடு கிழிக்க வேண்டும். இருசம்மாளுக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பாள். செய்யாத வேலைக்கும் வைப்பாள்.

"எருமைக்குப் பருத்திக்கொட்டை மொத நம்பராம், எனக்குக் காப்பி அஞ்சாம் நம்பராம். ஏன்டா?" என்றாள்.

"காப்பி லேட்டானா நஷ்டமில்லம்மா. எரும நின்னா உற்பத்தி நின்னுரும்."

"பால் குடுக்குறவங்களுக்குத்தான் இந்த வூட்டுல மரியாதையா? நானும் ஒரு காலத்துல உனக்குக் குடுத்தவதான்டா."

கண்ணையன் அடுத்த வாரத் தாளில் காப்பியை நான்காம் நம்பருக்கு உயர்த்தினான்.

இத்தோடு நின்றிருந்தால் தெருவே அவனைப் பாராட்டிவிட்டு மறந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் அம்சவள்ளி புதுப்பானை வாங்கப் போகவேண்டும் என்று தாள் சொல்லிற்று. அவள் பையை எடுத்தாள். இருசம்மாள் வாசலை மறித்துக்கொண்டாள்.

"நல்ல ராவு காலத்துல பானை வாங்கச் சொல்லுதே, அது என்ன மிஷினு? பஞ்சாங்கம் தெரியாதா அதுக்கு?"

தெரிய வைத்தால் போயிற்று என்றான் கண்ணையன். ஆலையில் மெஷினை நிறுத்திவைக்கும் நேரத்துக்கு ஷட்டவுன் என்று பெயர். அந்த நேரத்தில் எந்த வேலையையும் புரோகிராம் போடாது. ராகு காலத்தை ஷட்டவுன் என்று பதிந்தான். அம்மா எமகண்டத்தைச் சொன்னாள், பதிந்தான். குளிகை, அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் பதிந்தான். ஒவ்வொரு கிழமையும் போகக்கூடாத திசை ஒன்று உண்டே, அந்தச் சூலத்தையும் விடவில்லை. கடைசியாகச் சந்திராஷ்டமம். ராசிக்கு ஆகாத அந்த நாட்கள் மாதாமாதம் எல்லோருக்கும் வரும். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதிந்தான். எருமைக்கு ராசி தெரியாததால் அது தப்பித்தது.

அதன்பின் வீட்டில் யாருக்கும் பெரிதாக வேலை வரவில்லை. தாள் குட்டையாகிவிட்டது. "எவ்வளவு மிச்சம் பாத்தீங்களா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தை மாதம் அம்சவள்ளியின் தம்பி அழகேசனுக்கு வாலிகண்டபுரம் சிவன் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டையும் நாத்தனார் போடவேண்டும். நாத்தனார் என்றால் அம்சவள்ளிதான். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்தியே. அவள் வராவிட்டால் அந்த உரிமை சித்தப்பா மகள் பஞ்சவர்ணத்துக்குப் போகும். பஞ்சவர்ணம் அதற்கென்றே பட்டுப்புடவை எடுத்துவைத்துவிட்டு, "அக்காவுக்கு வர முடியலைன்னா நான் இருக்கேன், கவலப்பட வேணாம்னு சொல்லுங்க" என்று பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை. புதன்கிழமை சாயங்காலம் கண்ணையன் தாளோடு வந்தான். முகம் சரியில்லை.

"கல்யாணத்துக்குப் புறப்பாடு அடுத்த திங்கக்கெழமன்னு போட்டிருக்கு."

"கல்யாணம் வெள்ளிக்கெழமங்க," என்றாள் அம்சவள்ளி.

"தெரியும். இன்னைக்கி அஷ்டமி. நாளைக்கி நவமி. வெள்ளிக்கெழம மேற்கே சூலம், வாலிகண்டபுரம் மேற்கால இருக்கு. சனிக்கெழம எனக்குச் சந்திராஷ்டமம். ஞாயித்துக்கெழம மறுபடி மேற்கே சூலம்."

"அப்ப தாலியில மத்த ரெண்டு முடிச்சு?"

"திங்கக்கெழம போய்…" என்று ஆரம்பித்தவன், தாளைப் பார்த்தான். தாளில் அதற்கு ஒன்றும் இல்லை.

அம்சவள்ளி அழவில்லை. மாமியாரைத்தான் பார்த்தாள். ஷட்டவுன் அத்தனையும் அந்த வாயிலிருந்து வந்தவைதானே. இருசம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மகனிடம் கேட்டாள்:

"சூலத்துக்கு வெல்லம் தின்னுட்டுப் போவலாமே. அந்த வெல்லத்த உள்ள போட்டியா?"

"வெல்லம் போட அதுல எடமில்லம்மா."

"நல்ல நாள்ல பொட்டியக் கொண்டுபோய் அடுத்த வூட்டுல வச்சிட்டா, அன்னைக்கே பொறப்பட்டதா கணக்கு. அதப் போட்டியா?"

"நீ சொல்லவே இல்லையே."

"இதெல்லாமா சொல்லுவாங்க? ஆவாததச் சொன்னேன். அதுக்கு வழி இருக்கறது ஊருக்கே தெரியும். எல்லாத்தையும் ஒண்ணா பாத்தா மனுஷன் பாயவுட்டு எந்திரிக்க முடியுமாடா?" பிறகு மருமகளிடம் திரும்பினாள். "போன வியாழக்கெழமையே ஒம் பொட்டிய நான் பக்கத்து வூட்டுல வச்சிட்டேன். நல்ல துவிதியை. நீ பொறப்பட்டு ஒரு வாரம் ஆச்சு. விடிஞ்சதும் போய் பொட்டிய எடுத்துக்கிட்டு பஸ் ஏறு."

பெட்டி என் வீட்டில்தான் இருந்தது. உள்ளே இருந்த முறுக்கில் பாதி மட்டும் இல்லை. எலி. கண்ணையன் அவளோடு புறப்படவில்லை. தான் போட்ட ஒழுங்கைத் தானே மீறினால் நாளைக்கு எருமை மதிக்குமா என்பது அவன் வாதம்.

அம்சவள்ளி பெரம்பலூரில் பஸ் மாறிச் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் காலை கெட்டிமேளம் கொட்ட, பட்டுப்புடவையோடு முன்னே நகர்ந்த பஞ்சவர்ணத்தை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, இரண்டு முடிச்சையும் போட்டாள். முழங்கை பட்ட வேகத்தில் பஞ்சவர்ணம் போய் விழுந்தது நாதஸ்வரக்காரர் மடியில். கண்ணையனோ தாள் சொன்னபடி திங்கட்கிழமை போய், பிரித்துப்போட்ட பந்தல் மூங்கில்களுக்கு நடுவே நின்று மொய்க் கவரை நீட்டினான்.

இதை எழுதிப் படித்துக் காட்டியபோது எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்சவள்ளி, கையை நிறுத்தினாள்.

"பஞ்சவர்ணத்த நீங்க எங்க வேணா விழ வச்சுக்குங்க பெரியம்மா. ஆனா இவரு திங்கக்கெழம வரல. நான் மூணாவது முடிச்ச போட்டுட்டு நிமிந்தா, எதுக்கால நிக்கிறாரு. சிமெண்ட் லாரியில ஏறி வந்திருக்காரு, தலையெல்லாம் வெள்ள. என்னங்க, சூலமாச்சேன்னேன். 'ஓடுற மெஷினுக்குத்தான் நேரம் பாக்கறது. நின்னு போச்சுன்னா உடனே ஓடியாரணும். நீ இல்லாம வூடு நின்னு போச்சு'னாரு. அத எழுதுங்க."