குழைந்த நெய்ச்சோறு

உம்மாவும் வாப்பாவும் மக்காவில் இருந்ததால், கற்பிட்டி வீட்டில் அந்த ஹஜ்ஜுப் பெருநாள் சமையல் மூத்தவரான நானா, நான், தம்பி என்று எங்கள் மூவர் தலையில் விழுந்தது. இறைச்சியும் ஈரலும் அவர்கள் பொறுப்பு, நெய்ச்சோறு என்னுடையது. தண்ணீரை அளந்து ஊற்றி மூடிவிட்டு, வாசலுக்கு வந்த அயலவர்களுடன் கதைத்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் நானா, தண்ணீர் காணாதென்று ஒரு ஜக் ஊற்றியிருக்கிறார். அது தெரியாமல் தம்பியும் ஒரு ஜக்.

"நோன்புக் கஞ்சியா காச்சுறீங்க?" என்று கத்தினேன்.

"பழைய அரிசி தங்கச்சி, தண்ணி இழுக்கும்" என்றார் நானா. தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அகப்பையைப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

பெருநாள் சோற்றை ஒரே சஹன் தட்டில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். வெளியே சத்தமே இல்லை. தின்று முடித்துவிட்டார்கள், இனிச் சட்டி கழுவவும் நான்தான் என்று கொதித்துக்கொண்டு வந்தேன்.

இருவரும் சஹன் முன்னால் சும்மா இருந்தார்கள். சோறு ஆறி இறுகியிருந்தது. யாரும் தொடவில்லை. என் பக்கத்தில் மட்டும் ஈரல் துண்டுகள் குவிந்து கிடந்தன.

"மூணு பேர்ட சஹன்ல ரெண்டு பேர் எப்பிடிக் கை வெக்கிற? பசிக்குது, இரி" என்றார் நானா.

மன்னிப்பு மட்டும் இருவர் வாயிலும் வரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

இனி இவர்களை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை என்று அறைக்குள் சத்தியம் பண்ணியிருந்தேன். அடுத்த பெருநாளைக்கு அந்த ஜக்கை ஒளித்து வைத்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.