நெப்போலியனை மலையேற்றிய பூரணி

வாசிகசாலை மலருக்குப் பூரணியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவர் சூசைரட்ணம் என்னிடம் கேட்டார். தோட்டத்தில் நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் நான்தானாம். எழுதத் தெரிந்தவனைக் கூப்பிட்டு இன்னொருத்தியின் புகழை எழுதச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று, தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கும் மனிதருக்கு எங்கே தெரியப் போகிறது? சரி என்றேன். உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன் என்றும் சொன்னேன். என் வயிற்றெரிச்சலும் உள்ளதுதானே.

பூரணியும் நானும் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே வருடம், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில்தான் உட்கார்ந்தோம். சாதாரண தரப் பரீட்சையில் அவளுக்குக் கணக்குப் போய்விட்டது, எனக்குக் கிடைத்தது. நான் பல்கலைக்கழகம் போய் வரலாறு படித்து, அதே பள்ளிக்கே ஆசிரியராக வந்தேன். அவள் பத்தொன்பது வயதில் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டினாள். புருஷன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான், தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவான். மகள் லோஜினி ஹட்டனில் தையல் படிக்கிறாள். பூரணியின் கதை இதோடு நின்றிருந்தால் எனக்கும் அவளுக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை.

லோஜினி புதுக் கைபேசி வாங்கியதும் பழையதை அம்மாவிடம் தள்ளிவிட்டாள். அதை இடுப்பில் செருகி, ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு பூரணி கொழுந்து பறிக்கப் போனாள். கங்காணி முதலில் சத்தம் போட்டார். அவள் பறித்த கொழுந்தின் நிறையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார். ஒருநாள் முருகன் பாட்டு முடிந்த கையோடு, யாரோ ஒருவர் ஸ்டாலின்கிராட் சண்டையைப் பற்றிப் பேசியது தானாக ஓடத் தொடங்கியிருக்கிறது. நிறுத்துவதற்குக் கை ஓயவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அதையே கேட்டாள். அதற்கு மறுநாள் பிளாசி.

இரண்டு வருடத்தில் அவள் கேட்காத யுத்தம் இல்லை. கேட்டதோடு விட்டாளா? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் அதையெல்லாம் எடுத்துச் சொல்லத் தொடங்கினாள். ஒருநாள் நான் மடுவத்துக்குப் பின்னால் உள்ள பாதையில் நடந்து போகும்போது பிளாசி நடந்துகொண்டிருந்தது. நடந்து போகும்போது என்று எழுதினேன், அது பொய். கேட்கத்தான் போனேன்.

"மழை கொட்டுது. இங்கிலீஷ்காரன் என்னா செஞ்சான்? பீரங்கி மருந்து மேல படங்கப் போட்டு மூடிட்டான். நவாபு ஆளுக போடல. அம்புட்டும் நனைஞ்சு போச்சு. ஒரு படங்கு போட மறந்ததுக்கு ஒரு நாடே போச்சுக்கா!"

மழைக்கும் தேயிலைச் செடிக்கும் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் 'ச்சோ' கொட்டினார்கள். தராசுக்குக் கிட்ட நின்ற தோட்ட உத்தியோகத்தரான கண்டாக்கையா நிறுப்பதை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக உலகப் போர்க்களங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு யுத்தங்கள், அடிக்குறிப்போடு. பள்ளிக் காலைக்கூட்டத்தில் பானிபட்டை வாசித்தபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். வீட்டில் வாசித்தால் மனைவி இரண்டு பக்கம் கேட்பாள், மூன்றாம் பக்கத்தில் அடுப்பில் ஏதாவது கொதிக்கும். நான் சொன்னதைக் கேட்டு இதுவரை ஒருவர்கூட 'ச்சோ' கொட்டியதில்லை. அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

வாசிகசாலைக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. சிறப்புரை என்றால் இந்தத் தோட்டத்தில் என்னை விட்டால் யார்? நானாகவே தலைப்பைத் தெரிவு செய்துவிட்டேன்: வாட்டர்லூ. நாற்பது பக்கக் கட்டுரையைப் பதினைந்து பக்கமாகச் சுருக்கியும் வைத்தேன். சூசைரட்ணம் வீட்டுக்கு வந்து, வாசல்படியில் நின்றபடியே தலையைச் சொறிந்தார்.

"குறை நினைக்கக் கூடாது சார். பொம்பளைங்க எல்லாம் பூரணி பேசினாத்தான் வருவோம்னு நிக்கிறாங்க. அவங்களும் வாட்டர்லூதான் சொல்லப் போறாங்களாம். நீங்க நன்றியுரை செய்யுங்க."

நன்றியுரை! பதினோரு வருடம் உழைத்தவனுக்கு, வந்தவர்களுக்கும் உட்காரக் கதிரை தந்தவர்களுக்கும் நன்றி சொல்லும் வேலை. சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திய சத்தத்தில் மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

விழாவுக்கு முந்திய வாரம் பூரணி மடுவத்தில் ஒத்திகை பார்த்தாள். நானும் பின்பக்கத்தில் ஒத்திகை கேட்டேன். அங்கேதான் எனக்கு அந்தப் புதையல் கிடைத்தது. அவள் நெப்போலியனை மலை உச்சியில் நிறுத்திவிட்டு, ஆங்கிலேயரைக் கீழே பள்ளத்தில் வைத்திருந்தாள். எல்லாம் தலைகீழ்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு உடனே புரிந்தது. காதால் கேட்டவளுக்கு வரைபடம் ஏது? அதோடு, எங்கள் தோட்டத்தில் துரை பங்களா உச்சியில், அதற்குக் கீழே உத்தியோகத்தர் வீடுகள், ஓடைக்கரையில் லயங்கள். பெரிய ஆள் மேலேதான் இருப்பான் என்பது பிறந்த நாள் முதல் கண்ணால் கண்ட சங்கதி. சக்கரவர்த்தி ஒருவன் பள்ளத்தில் நிற்பான் என்று எங்கள் ஆட்களில் எவருக்கும் தோன்றாது. அன்றே அவளைக் கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். செய்யவில்லை. சபையில் வைத்து அவளை விழுத்த வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஆறு நாளும் அந்த ஆசையை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலை மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் என் அம்மா அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி என்று கோயில் திருவிழாவுக்கே போவதில்லை. என் கூட்டம் எதற்கும் வந்ததில்லை. பூரணி பேசுகிறாள் என்றதும் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச இரக்கமும் போய்விட்டது.

பூரணி நீலச் சேலையில், ஒலிவாங்கியை, செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு பேசினாள். நெப்போலியன் உச்சியிலிருந்து கீழே பாயத் தொடங்கியதும் நான் எழுந்தேன்.

"ஒரு சின்னத் திருத்தம். மேட்டில் நின்றவர்கள் ஆங்கிலேயர்கள். நெப்போலியனின் படைதான் கீழிருந்து மேலே ஏறியது. முழுவதையும் தலைகீழாகச் சொல்கிறீர்கள்."

பூரணியின் முகம் செத்துப்போனது. உண்மையைச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்று கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

"அப்ப ஏறுனது நெப்போலியன் ஆளுகளா சார்?"

"ஆமாம்."

"மொத நாள் ராத்திரி பூரா மழை பேஞ்சிச்சுன்னாங்களே, அது சரிதானா?"

"அது சரி. பீரங்கியெல்லாம் சேற்றில் புதைந்துவிட்டது. தரை காயட்டும் என்று பகல்வரை காத்திருந்தார்கள்."

"எத்தன தடவ ஏறுனாங்க?"

"குதிரைப்படை மட்டுமே பல தடவை. பன்னிரண்டு என்று சொல்பவர்களும் உண்டு. கடைசியாகச் சாயங்காலம் காவற்படை ஏறியது. அதுவும் தோற்றது."

கேட்கக் கேட்க அள்ளிக் கொடுத்தேன். என் படிப்பு எல்லோருக்கும் தெரியட்டும் என்ற பெருமை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்பது அடுத்த நிமிடம்தான் தெரிந்தது.

"ஆத்தாடி!" என்றாள் பூரணி. முகத்தில் உயிர் வந்துவிட்டது. பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நம்ம பதினாலாம் நம்பர் மலைய நெனச்சுக்குங்க. ராத்திரி பூரா மழை. தரை வழுவழுன்னு கெடக்கு. முதுகுல பாரம். ஏறுறோம். முழங்கால் வரைக்கும் சேறு. பாதி ஏறையில மூச்சு முட்டுது. மேல நிக்கிறவனுக்கு என்னா வேல? சும்மா படுத்துக் கெடந்தாப் போதும்! நாம மூச்சு வாங்கிக்கிட்டுப் போயி அவன் கால்ல விழுவோம். கீழ எறங்கிட்டு மறுபடி ஏறு. எத்தன தடவ? பன்னெண்டு தடவ!"

"அப்பறம் எங்கிட்டு ஜெயிக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மண்டபம் முழுக்க அந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தது. சிலர் தங்களை அறியாமல் நெற்றியைத் தடவினார்கள், கூடைக்கயிறு அழுத்தும் இடத்தில். அப்போது என் அம்மா எழுந்து நின்றார்.

"வழுக்குனா முன்னால சாயணும்! பின்னால சாஞ்சாப் போச்சு, கூடை ஆள இழுத்துக்கிட்டுப் போயிரும்!"

"கேட்டீங்களா!" என்றாள் பூரணி. "அம்மாக்கண்ணு பெரியம்மா அங்க இருந்திருந்தா நெப்போலியன் தப்பிச்சிருப்பாரு."

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். அவள் கதையை முடித்தபோது மூன்று பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. திருத்தித் தந்த ஜீவராஜ் சாருக்கு எல்லாரும் கைதட்டுங்கள் என்று பூரணி வேறு சொன்னாள். தட்டினார்கள். அவள் மனதாரச் சொன்னாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நன்றியுரையில் கதிரை தந்தவரின் பெயரை விட்டுவிட்டேன்.

வீடு திரும்பும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என் கட்டுரையில் இந்த இடம் எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். 'ஈரமான சரிவு பிரெஞ்சுப் படைக்குப் பாதகமாக அமைந்தது.' நாற்பது பக்கத்தில் ஒரு வரி. லயத்தில் பிறந்தவன் எழுதிய வரி அது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது.

"நீயும் இந்தச் சண்டையத்தானே இத்தன வருசமா எழுதுற?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே."

"உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சேன்."

"மழையில மலை ஏறுறது எனக்குப் புரியாதா?"



"இப்பச் சொல்லட்டுமாம்மா? இன்னும் இருபத்தொரு சண்டை இருக்கு" என்றேன்.

அம்மா நின்று, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்கு மடுவத்துல பூரணி பானிபட் சொல்றாளாம். மெதுவா நடந்து போயிக் கேட்டுட்டு வர்றேன். வந்து உனக்குச் சொல்றேன், எழுதிக்க."