கடையில் வாங்காத புகையிலை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்காவது வருடம் என்று நினைக்கிறேன். நான் அப்போது சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தா. எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. அலுவலகப் படிகள் இருபத்திரண்டு, என் மேசைக்கு எதிர் ஜன்னலில் கம்பிகள் ஒன்பது. இதைச் சொல்லிச் சொல்லியே சக குமாஸ்தாக்கள் என்னைக் கேலி செய்வார்கள். புகையிலைக் கணக்கு என் தலையில் விழுந்ததற்கும் அதுதான் காரணம்.

கணக்கு கேட்டவர் எங்கள் டாக்டர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தமிழர். கோபம் வந்தாலும் நோயாளியின் முன்னால் நோயைப் பற்றிப் பேச நேர்ந்தாலும் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார். புகையிலையால் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு விழுவதையும், கவனிக்காமல் விட்டால் அது புற்றாகிவிடுவதையும் அவர் நிறையப் பார்த்திருந்தார். திட்டாக இருக்கும்போதே கண்டுபிடித்துப் பழக்கத்தை நிறுத்த வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

"முசியே, என்கிட்ட இருக்கறது ஒரு ஜீப்பு, ஒரு நர்சு, மூணு மாசம். பத்து ஊருக்குப் போவ முடியாது. மூணு எடத்துக்குத்தான் போவலாம். எந்த மூணுன்னு உங்க கணக்கு சொல்லட்டும்" என்றார்.

அவர் எழுதிக்கொடுத்த கேள்வி எளியது: ஒரு நாளைக்கு எத்தனை முறை? முத்தியால்பேட்டையில் முதல் தெருவிலேயே அது படுத்துவிட்டது. ஒரு வீட்டில் நாற்பது வயது மகன், அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக, "அந்தப் பழக்கமே இல்லீங்க" என்றார். சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அப்பாவோ மனைவிக்குப் பயந்து பாதியாகக் குறைத்துச் சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் கேள்வியை நானே மாற்றினேன்: கடையில் ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்? பிறகு தெருமுனைப் பெட்டிக்கடையில் விசாரித்துச் சரிபார்த்தேன். பொய்கள் அத்தனையும் வெளியே வந்துவிட்டன. டாக்டர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டில் நான் கொஞ்சம் தலைகனத்துப் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே தாளோடுதான் வடக்கு எல்லையில் இருக்கும் கனகசெட்டிக்குளத்துக்குப் போனேன். மீனவர் குப்பம். கடற்கரையில் ஒரு அம்மா மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா என்று கேட்டேன்.

"ஈரக் கையில பீடி எங்கேர்ந்து பத்தும்? நீ ஒரு நாளு மரத்துல ஏறிப் பாரு, அப்பறம் கேளு."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். கட்டுமரத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"சரி, கடையில புகையிலை எவ்வளவு வாங்குறீங்க?"

"கடையிலயா? ஒரு துண்டுகூட வாங்கறதில்ல தம்பி. எங்கூர்ல யாருமே வாங்கறதில்ல. கடைக்காரனயே கேட்டுக்க."

கேட்டேன். கடைக்காரர் புகையிலையே வைப்பதில்லை என்றார். முப்பத்தெட்டு வீடுகளுக்கும் சுழியம் போட்டேன்.

அந்த அம்மாவின் இடது கன்னம் உள்ளே எதையோ அடக்கியதுபோல் உப்பியிருந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் சொன்ன பதிலை மட்டும் எழுத வேண்டும், கண்ணில் பட்டதை எழுதக்கூடாது என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். கிளம்பும்போது அவர், "வாயில ஒரு எடம் எரியுது, மொளகா பட்டா தாங்கல. டாக்டரு இங்க வருவாரா?" என்றும் கேட்டார். "கணக்குப் பாத்துட்டு வருவாரு" என்றேன்.

டாக்டர் வரவில்லை. கணக்கில் கடைசி இடம் அந்தக் குப்பத்துக்கு. ஜீப் முத்தியால்பேட்டைக்கும் வேறு இரண்டு இடங்களுக்கும் போனது.

அடுத்த வருடம் அம்மை குத்திக்கொண்டவர்களின் பட்டியல் எடுக்க மறுபடி அங்கே போனேன். அதிகாலையில் கருவாட்டு வியாபாரியின் வண்டி வந்து நின்றது. மீனைக் கீறி உப்பு வைக்கும் பெண்கள் வரிசையாகக் கை நீட்டினார்கள். கூலியோடு சேர்த்து ஆளுக்கு ஒரு துண்டு புகையிலையை வியாபாரி கொடுத்தார். காலையிலிருந்து பசி தெரியாமல் வேலை நடக்க அது. அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் அதிலிருந்துதான் போகிறது. வரிசையில் அந்த அம்மாவும் இருந்தார். இளைத்திருந்தார்.

"என்னா முழிக்கற? நீயும் கைய நீட்டு, ஒரு துண்டு குடுப்பாரு."

"யாரும் வாங்கறதில்லன்னு சொன்னீங்களேம்மா?"

"கடையிலதானே கேட்ட? கடையில வாங்கறதில்லதான். பொய்யா சொன்னேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை.

அன்றே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். இருபத்தாறு நாள் அந்தப் பயத்தோடு அலுவலகம் போய் வந்தேன். இருபத்தேழாம் நாள் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு ஜீப்பைக் கேட்டு வாங்கி, என்னையும் ஏற்றிக்கொண்டு கனகசெட்டிக்குளம் போனார்.

வாயைத் திறக்க எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. அந்த அம்மாதான் முதலில் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் பிரெஞ்சில் பேசினார். போன வருடம் பார்த்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது கழுத்துக்கு இறங்கிவிட்டது, மிஞ்சிப்போனால் ஆறு மாதம் என்றார்.

"என்னா சொல்றாரு தம்பி?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். அங்கே பிரெஞ்சு தெரிந்த இன்னொருவன் நான்தான்.

"ஒண்ணுமில்லம்மா. மருந்து தரேங்கறாரு. புகையிலைய மட்டும் விட்டுடணுமாம்."

டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். மறுத்துச் சொல்லவில்லை.

அந்த அம்மா முக்காலியிலிருந்து எழுந்து தள்ளி நின்ற பெண்களைப் பார்த்து, "வாங்கடி. கடிச்சித் தின்னுடமாட்டாரு. எனக்கே ஒண்ணுமில்லன்னுட்டாரு, ஒங்களுக்கு என்னா வந்துச்சி?" என்று அதட்டினார்.

அதன்பிறகு பதினேழு பேர் வந்து வாயைத் திறந்தார்கள். நான்கு பேருக்கு வெள்ளைத் திட்டு இருந்தது. நேரத்தோடு கண்டோம், பிழைத்துக்கொள்வார்கள் என்றார் டாக்டர். அந்த நால்வரும் வந்தது நான் சொன்ன பொய்யை நம்பித்தான். அவர்களை எனக்கு ஆறுதலாக வைத்துக்கொள்ள இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். ஆனால் அவர்களைக் கூப்பிட்டது அந்த அம்மா. தனக்கு இன்னும் எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த ஒரு கணக்கை அவரிடம் சொல்லாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.